பூட்டிய அறைக்கு ஒரு மக் தண்ணீர்

என் மேசைக்குப் பின்னால் ஒரு ஆணி இருக்கிறது. தீயணைப்பு உருளை மாட்டுவதற்காக அடித்தது. உருளையை வேறு இடத்துக்கு மாற்றிய பிறகு சும்மா கிடந்தது. இப்போது அதில் ஒரு பிளாஸ்டிக் மக் தொங்குகிறது. ஒருகாலத்தில் பச்சையாக இருந்திருக்க வேண்டும். வெளுத்துப்போய், இன்ன நிறமென்று சொல்ல முடியாமல் ஆகிவிட்டது. உடைந்த கைப்பிடியை அரக்குச் சிவப்புப் பட்டு நூலால் நெருக்கமாகச் சுற்றிக் கட்டியிருக்கிறது. நூல் எங்கள் வீட்டுத் தறியில் மிச்சமானது. ஒரு பிடி கொண்டுவந்து கொடுத்தது நான், கட்டியது என்னோடு வேலை பார்த்த ஓர் அக்கா. அரை லிட்டருக்குச் சற்று அதிகமாகத் தண்ணீர் பிடிக்கும். ஒரு நாள் அளந்து பார்த்திருக்கிறேன்.

நான் காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் பராமரிப்புப் பொறியாளர். மூன்று மாடிக் கட்டடம் என்று ஊரில் சொல்வார்கள். தரைத்தளத்தையும் சேர்த்து எண்ணினால்தான் மூன்று. மின்சாரம், லிஃப்ட், ஏ.சி., ஆக்சிஜன் குழாய், குடிநீர், கழிவுநீர் எல்லாம் என் பொறுப்பு. மெக்கானிக்கல் படித்து முடித்த கையோடு வேலைக்குச் சேர்ந்தேன். சேர்ந்த முதல் வாரமே ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு பட்டியல் தயாரித்து, பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டினேன். அக்கா அங்கே துப்புரவுப் பணியாளர். பக்கத்தில் இருக்கும் முசரவாக்கத்துக்காரர். அவருடைய வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டினார். காலையில் முதல் சவாரியாக மனைவியைக் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுத்தான் ஸ்டாண்டுக்குப் போவார். வருகைப் பதிவேட்டில் அக்காவுக்கு ஒரு பெயர் உண்டு. மருத்துவமனையில் பலரும் அந்தப் பெயரைச் சொல்லாமல் ‘ஏம்மா’ என்று கூப்பிட்டுப் பழகியிருந்தார்கள். நான் அக்கா என்றேன். அதனால் நான் பெரிதாக எதையோ செய்துவிட்டதாக அப்போது எனக்கு ஒரு நினைப்பு இருந்தது.

அக்காவின் பேச்சைப் பற்றிச் சொல்லாமல் அக்காவைப் பற்றிச் சொல்ல முடியாது. தரைத்தளத்தில் துடைப்பத்தை எடுக்கும்போது ஒரு கதையைத் தொடங்குவார். முதல் மாடியில் அது வளரும். இரண்டாம் மாடிக்கு வரும்போது கதையில் யாராவது ஒருவர் அழுவார், அல்லது யாராவது ஒருவர் செருப்படி வாங்குவார். முடிவைத் தெரிந்துகொள்வதற்காகவே நர்சுகள் ஏதோ வேலை இருப்பதுபோல மேலே ஏறி வருவார்கள். லிஃப்டுக்கு அவர் ‘மாமியா’ என்று பெயர் வைத்திருந்தார். “கூப்ட்டா வராது, வந்தா போவாது, நடுவுல நின்னுகினு மொறைக்கும்” என்பார். நான் புதிதாக ஒரு பட்டியல் ஒட்டினால் அதன் முன்னால் நின்று, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, “இன்னாமா, ரேசன் கடை போர்டா? சக்கரை எப்ப போடுவாங்கன்னு எழுதியிருக்குதா?” என்று கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கும் சிரிப்பு வரும். ஆனால் பட்டியலைக் கழற்றமாட்டேன்.

காலை ஆறரைக்கு அவர் செய்த முதல் வேலை என் எந்தப் பட்டியலிலும் இல்லை. சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு கையில் வாளியும் இன்னொரு கையில் இந்த மக்குமாக எல்லாக் குளியலறைகளுக்கும் போவார். தரையில் தண்ணீர் போகும் சல்லடை ஒவ்வொன்றிலும் ஒரு மக் தண்ணீர் ஊற்றுவார். ஆள் இருக்கும் அறை, காலி அறை, மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் அறை என்ற வித்தியாசம் கிடையாது. வந்த புதிதில் ஒரு முறை கேட்டேன். “யாரும் இல்லாத ரூமுக்கு எதுக்குக்கா தண்ணி?” அவர் நிற்கவில்லை, நடந்துகொண்டே சொன்னார். “ஊத்தலன்னா நாறும்மா. ஒரு தபா பெரிய டாக்டரு மூக்க புடிச்சிகினு அந்தக் கத்து கத்தினாரு. அன்னிலருந்து ஊத்திகினு வரேன். அவரு கத்தறத கேக்கறதுக்கு இது தேவல.”

அக்காவுக்கு அந்தச் சல்லடைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது. தெரிந்ததுபோலக் காட்டிக்கொண்டதும் இல்லை. எனக்குத் தெரியும். சல்லடைக்குக் கீழே குழாய் ஒரு வளைவாக வளைந்து போகும். அந்த வளைவில் நான்கு விரல் உயரத்துக்கு எப்போதும் தண்ணீர் தேங்கி நிற்கும். கீழே இருக்கும் கழிவுக் குழாயின் காற்று அறைக்குள் வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர் மட்டும்தான். ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் குளியலறைகள் எல்லாம் ஒரே நெட்டுக் குழாயில்தான் சேருகின்றன. ஆகவே வளைவு காய்ந்துபோனால், கீழ்மாடிக் கழிவறையின் காற்று மேல்மாடி அறைக்குள் வந்துவிடும். இதைக் கல்லூரித் தேர்வில் படம் போட்டு எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

இரண்டாம் அலை வந்தபோது தரைத்தளம் முழுவதும் கொரோனா வார்டு ஆயிற்று. அந்த வாரங்களைப் பற்றி எழுதும்போது இப்போதும் தோள்பட்டை கனக்கிறது. நான் வீட்டுக்குப் போகாமல் மருத்துவமனையிலேயே தங்கினேன். எந்நேரமும் ஆக்சிஜன் உருளைகளின் எண்ணிக்கை தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும். வார்டின் காற்றை வெளியே தள்ள மின்விசிறிகள் பொருத்தினேன். வார்டுக்கு நேர் மேலே, இரண்டாம் மாடியில் ஊழியர்கள் சாப்பிடவும் சற்றுச் சாயவும் ஒரு அறை இருந்தது. அவர்களுக்கும் நல்ல காற்று வேண்டுமென்று அங்கேயும் ஒரு பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தேன். அது என் யோசனை. நிர்வாகத்திடம் இரண்டு முறை கேட்டு, வாங்கிவரச் செய்து, நானே நின்று மாட்டவைத்தேன். அந்த அறையை ஒட்டிய குளியலறையில் பாதுகாப்பு உடைகள் வந்த அட்டைப்பெட்டிகளைத் தரையிலேயே அடுக்கினோம். வைக்க வேறு இடம் இல்லை.

பிறகு எல்லோரையும் கூப்பிட்டுப் புதிய பட்டியலை வாசித்தேன். யார் எந்தக் கதவால் வரவேண்டும், எதை எதில் போடவேண்டும், எங்கே கை கழுவவேண்டும் என்று வரிசையாக எழுதியிருந்தேன். அதில் ஒரு வரி: ‘பூட்டிய அறைகளுக்கும் குளியலறைகளுக்கும் யாரும் போக வேண்டாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம்.’ தேவையில்லாமல் அறை அறையாக அலைந்து யாரும் நோயை வாங்கிக்கொள்ளக் கூடாது என்பது ஒரு காரணம். பெட்டிகள் நனையக் கூடாது என்பது இன்னொன்று. இரண்டும் நியாயமான காரணங்கள்தான். அக்கா பின்வரிசையிலிருந்து, “தண்ணி ஊத்தலன்னா நாறும்மா” என்றார். எனக்கு அன்று தூக்கம் போதவில்லை. “நாத்தத்தால யாரும் சாகமாட்டாங்கக்கா” என்றேன். சிரிப்பு எழுந்தது. அக்காவும் சிரித்தார். “சரிம்மா, நீயே சொல்லிட்ட. இடுப்பு வலி மிச்சம்” என்று மக்கை வாளிக்குள் போட்டார். முழு மதிப்பெண் வாங்கிய படம் அந்த நேரத்தில் என் நினைவுக்கு வரவில்லை.

இன்னொன்றும் கண்ணில் படவில்லை. ஃபேன் காற்றை வெளியே தள்ளினால், தள்ளிய அளவுக்கு வேறொரு வழியாகக் காற்று உள்ளே வந்தாக வேண்டும். அந்த வழி சன்னலாக இருக்கும் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். ஆனால் எங்கள் ஊரில் குரங்குகள் உண்டு. கோவில்கள் அடைத்துக் கிடந்த அந்த மாதங்களில் அவற்றுக்குத் தேங்காயும் இல்லை, பழமும் இல்லை. ஒரு மதியம் ஒரு தாய்க்குரங்கு ஓய்வறைச் சன்னல் வழியாக வந்து அக்காவின் டிபன் பாக்ஸையே தூக்கிக்கொண்டு போய் எதிர்வீட்டு மாடியில் உட்கார்ந்து தின்றது. “புளிசாதம் ஒறைக்கும்டி, பாத்து துன்னு” என்று அக்கா சன்னலில் நின்று கத்தினார். அன்று முதல் சன்னலை அடைத்துவிட்டார்கள். அந்த அறைக்குள் நான் பலமுறை போனேன். சன்னல் மூடியிருப்பது எனக்கு வித்தியாசமாகவே தெரியவில்லை. நான் தறிவீட்டில் பிறந்தவள். காற்று அடித்தால் தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூல் காய்ந்து இழை அறும் என்பதால் எங்கள் வீட்டில் தறி இருக்கும் கூடத்துச் சன்னலைத் திறந்து நான் பார்த்ததில்லை. மூடிய சன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் காற்றோட்டம் என்ற பாடத்தையே படித்தேன். வேறு ஊர்ப் பெண்ணாக இருந்திருந்தால், உள்ளே நுழைந்ததும் ‘ஏன் மூடியிருக்கிறது’ என்று கேட்டிருப்பாள்.

பதினைந்து நாளுக்குள் அந்த அறையில் சாப்பிட்டவர்களில் மூன்று பேருக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு நர்சு, இன்னொரு துப்புரவுப் பெண், அக்கா. மூவரும் பிழைத்தார்கள். அக்காவிடமிருந்து அவருடைய வீட்டுக்காரருக்குப் போயிற்று. வேறு ஊர் மருத்துவமனையில் படுக்கை கிடைத்தது. அவர் திரும்பி வரவில்லை. அக்கா அப்போது வீட்டில் ஒரு மூலையில் தனியாகக் கிடந்தார். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

நிர்வாகம் விசாரித்தது. விசாரணை என்றால், நிர்வாக அதிகாரி அந்த அறையின் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். மாஸ்க் கழற்றிவிட்டு ஓயாமல் பேசிக்கொண்டு சாப்பிட்டதால் வந்தது என்று முடிவாயிற்று. யாருடைய பேச்சு என்று யாரும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவை இல்லை. ‘உணவு அருந்தும்போது பேசுவதைத் தவிர்க்கவும்’ என்று அறிவிப்பு எழுதி என்னிடம் கொடுத்தார்கள். அறிவிப்புகளுக்கு உறை போட்டு ஒட்டுவது என் வேலை. நான்தான் ஒட்டினேன்.

இரண்டு மாதம் கழித்து அக்கா வேலைக்குத் திரும்பினார். உடம்பு பாதியாகியிருந்தது. படி ஏறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றார். நான் என்னவோ ஆறுதல் சொல்ல முயன்றேன். “நான் வாய மூடிகினு துன்னுட்டு வந்திருந்தா அவரு இருந்திருப்பாரும்மா” என்றார். வேறெதுவும் பேசவில்லை. அதன்பிறகும் பேசவில்லை. கதை இல்லை, லிஃப்டை மாமியா என்பதில்லை. கேட்டதற்குத் தலையாட்டுவார். மாடிப்படியில் துடைப்பத்தின் சத்தம் மட்டும் வரும்.

அந்த வாரத்திலேயே ஒரு நர்சு வந்து, ஓய்வறையில் சாக்கடை நாற்றம் அடிக்கிறது என்றார். ஃபேன் போட்டால் அதிகமாகிறது, நிறுத்தினால் குறைகிறது என்றும் சொன்னார். நாற்காலியிலிருந்து எழுந்தேன். போய்ப் பெட்டிகளை நகர்த்திப் பார்த்தேன். சல்லடைக்குள் டார்ச் அடித்தேன். வளைவு காய்ந்து, அடியில் தூசி படிந்திருந்தது. புகை விட்டுப் பார்க்கும் கருவி எங்களிடம் இல்லை. பூக்கடையில் சாம்பிராணி வாங்கி, தூபக்காலில் தணல் போட்டு, தரைத்தளத்தில் நெட்டுக் குழாயைச் சுத்தம் செய்யத் திறக்கும் மூடியைக் கழற்றி அங்கே பிடித்துக்கொள்ளும்படி வாட்ச்மேனிடம் கொடுத்தேன். “இன்னா மேடம், சாக்கடைக்குப் பூசையா?” என்று அவர் சிரித்தார். நான் இரண்டு மாடி ஏறிப்போய், சன்னலை மூடி, கதவை மூடி, ஃபேனைப் போட்டுவிட்டு நின்றேன். முதலில் மணம் வந்தது. பிறகு சல்லடையின் துளைகளிலிருந்து மெல்லிய புகை எழுந்து, குளியலறைக் கதவின் மேல் இருந்த இடைவெளி வழியாக, அவர்கள் உட்கார்ந்து சாப்பிடும் பெஞ்சைத் தாண்டி, நான் மாட்டிய ஃபேனை நோக்கிப் போயிற்று. சிறுவயதிலிருந்து எனக்குப் பிடித்த வாசனை அது. இப்போது வீட்டில் போட்டால் வெளியே போய் நின்றுகொள்கிறேன்.

நிர்வாக அதிகாரியிடம் சொன்னேன். நல்ல மனிதர், அந்த மாதங்களில் அவரும் தூங்கவில்லை. “இதனாலதான் வந்துச்சுன்னு உன்னால நிரூபிக்க முடியுமாம்மா?” என்று கேட்டார். முடியாது என்றேன். நோய் வேறு எந்த வழியாகவும் வந்திருக்கலாம். “அப்ப எழுதாத. எழுதினா பதில் சொல்லவேண்டியது நீதான். லிஸ்ட்டு உன் கையெழுத்துல இருக்குது.” பதிவேட்டில் ‘தரை வடிகால் வறண்டிருந்தது, நீர் ஊற்றப்பட்டது, சரி’ என்று எழுதினேன். பட்டியலில் தண்ணீர் ஊற்றும் வேலையைச் சேர்த்தேன். சன்னலுக்குக் கம்பிவலை அடித்தேன். சரிசெய்ய வேண்டியதையெல்லாம் சரிசெய்தாயிற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆடியில் நடந்தது இது. பங்குனி வரைக்கும் வாயைத் திறக்கவில்லை.

பங்குனியில் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் விளக்கு மாற்ற அந்த அறைக்குப் போனேன். எல்லோரும் மாஸ்க்கை மறந்துவிட்ட காலம் அது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா மட்டும் மூலையில், சுவரைப் பார்த்து, எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வாய் வைப்பார். மாஸ்க்கை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டு மெல்லுவார். மறுபடி கீழே இழுத்து இன்னொரு வாய். “அக்கா சுவத்துக்குக் கதை சொல்லிகினு இருக்குது” என்றாள் ஒருத்தி. அவர் திரும்பவில்லை. அவர் தலைக்கு மேலே, அதே சுவரில், நான் ஒட்டிய அறிவிப்பு இருந்தது.

மாலை நான்கு மணிக்கு, மற்றவர்கள் போன பிறகு, அவரை உட்காரச் சொன்னேன். சொல்லவேண்டியதை ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டு போயிருந்தேன். முதலாவது குழாய், இரண்டாவது தண்ணீர், மூன்றாவது ஃபேன் என்று தொடங்கினேன். “லிஸ்டு போட்டு சொல்லாதமா. சாதாரணமா சொல்லு” என்றார். தாளை மடித்து வைத்துவிட்டுச் சொன்னேன். கீழ் வார்டின் காற்று இந்தக் குளியலறை வழியாக வந்திருக்கிறது. நீங்கள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவரை வரவில்லை. ஊற்ற வேண்டாம் என்று சொன்னது நான். சன்னலைப் பார்க்காமல் விட்டதும் நான். அக்கா எழுந்துபோய்க் குளியலறைத் தரையை வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்.

“அப்ப நான் பேசினதால இல்லையா?”

“உறுதியா சொல்ல முடியாதுக்கா. இருக்கலாம், இல்லாமலும்...”

“தோ பாரு. ஆமான்னு சொல்லு, இல்ல இல்லன்னு சொல்லு.”

“இல்லக்கா. நீங்க பேசினதால இல்ல.”

ஆதாரம் கையில் இல்லாமல் நான் உறுதியாகச் சொன்ன ஒரே வாக்கியம் அது. இன்றுவரை அதை மாற்றிக்கொள்ளவில்லை. அக்கா அழுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டுவார் என்றும் எதிர்பார்த்தேன். அவர் மாஸ்க்கைக் கழற்றி, நான்காக மடித்து, முந்தானையில் முடிந்துகொண்டார். “இத்தினி மாசமா எங்கம்மா வச்சிருந்த இத?” என்றார். குரல் உயரவில்லை. “பஸ்ஸுக்கு நேரமாவுது” என்று பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். ஷேர் ஆட்டோவில் போனவர் அப்போது பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை அந்த அறிவிப்பைச் சுரண்டி எடுத்தேன். நடந்ததை அரைப் பக்கம் எழுதிக் கையெழுத்திட்டு நிர்வாக அதிகாரியிடம் கொடுத்தேன். அவர் படித்தார், பெருமூச்சு விட்டார், கோப்பில் வைத்தார். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

சில வாரங்கள் கழித்து, இரண்டாம் மாடியில் நடந்துகொண்டிருந்தபோது ஓய்வறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. அவருடைய தெருவில் யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் சாம்பார் அண்டாவுக்குள் மணமகனின் செல்போன் விழுந்த கதை. “எடுத்துக் காதுல வெச்சிகினு ஹலோங்கறான், உள்ள முருங்கக்கா பேசுது!” பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் கதவைக் கடந்தபோது கதை நின்றது. நாலடி தாண்டியதும் மறுபடி தொடர்ந்தது. அதன்பிறகு எப்போதும் அப்படித்தான். என்னிடம் வேலைக்குத் தேவையானதைப் பேசுவார், மரியாதையாக, ‘மேடம்’ என்று. என்னை மறுபடி கேலி செய்ததே இல்லை.

அடுத்த ஆண்டு, மகள் வேலை செய்யும் கம்பெனியிலேயே கேன்டீனில் வேலை கிடைத்தது என்று அக்கா நின்றுவிட்டார். கடைசி நாள் நான் ஜெனரேட்டர் அறையில் இருந்தேன். திரும்பி வந்தபோது இந்த ஆணியில் மக் தொங்கியது. வாட்ச்மேன் சொன்னார், “இன்ஜினீரம்மாகிட்ட குடுத்துடு, லிஸ்டுல ஏத்திக்கச் சொல்லுன்னுச்சு.” அக்கா சிரித்துக்கொண்டு சொன்னாரா, சிரிக்காமல் சொன்னாரா என்று கேட்டேன். அவருக்கு ஞாபகமில்லை.

இப்போது எல்லாத் தளங்களிலும் தண்ணீர் ஊற்ற ஆள் உண்டு. கையெழுத்துப் போட அட்டையும் உண்டு. இரண்டாம் மாடி ஓய்வறைக் குளியலறைக்கு மட்டும் நான் போகிறேன். இன்று மதியமும் போனேன். கம்பிவலை வழியாக வெயில் விழுந்துகொண்டிருந்தது. புதிதாகச் சேர்ந்த பெண்கள் சாப்பாட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒரே சமயத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்து நிறுத்தவில்லை, நகர்ந்து வழிவிட்டார்கள். ஒரு மக் தண்ணீர் ஊற்றினேன். அது வளைவில் இறங்கி அடங்கும் சத்தத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்து மக்கை ஆணியில் மாட்டினேன். பிளாஸ்டிக் உடனே காய்ந்துவிடுகிறது. கைப்பிடியில் இருக்கும் பட்டு நூல் மட்டும் நனைந்து, நிறம் இருண்டு, மாலைவரை ஈரமாகவே இருக்கிறது.